மல்லாட்டைக் களத்து எட்டு

திண்டிவனத்தில் அந்தப் பள்ளியை விட்டு வெளியே வந்தபோது என் முந்தானையில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது. நான் அதைத் தட்டிவிடவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு அமிலமும் காரமும் பாடத்தை இருபது நிமிடம் நடத்திக் காட்டச் சொல்லியிருந்தார்கள். கைப்பையில் மஞ்சள் தூள், சுண்ணாம்பு, எலுமிச்சம்பழம் மூன்றையும் எடுத்துப் போயிருந்தேன். மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டதும் அது சிவந்தது. பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "மிஸ், ஆரத்தி" என்றாள். வகுப்பு மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாதோ என்று விழுப்புரம் வரைக்கும் பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஆனால் வேலை கிடைத்துவிட்டது. தலைமை ஆசிரியை ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஜூன்ல ஸ்கூல் திறக்குற அன்னியிலேர்ந்து, முதல் மணி அடிக்கறதுக்கு முன்னாடி கேட்டுக்குள்ள இருக்கணும்மா. லேட்டா வர்ற டீச்சர வச்சிக்கினு என்னால பசங்கள அதட்ட முடியாது."

பி.எட் முடித்த கையோடு எனக்குக் கல்யாணம் ஆனது. அடுத்த வருடம் மகள் பிறந்தாள். என் சான்றிதழ்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், அரிசி டிரம்முக்கு மேலே, பூச்சி அண்டாமல் இருக்க வேப்பிலையோடு கிடந்தன. வேப்பிலை காய்ந்ததும் மாற்றுவேன். வருடத்துக்கு இரண்டு பள்ளிக்காவது விண்ணப்பம் எழுதுவேன். பதில் வராது. வந்தாலும், "கைக்குழந்தை இருக்குதா?" என்று கேட்டுவிட்டு அப்புறம் சொல்கிறோம் என்பார்கள். இப்போது மகளுக்கு மூன்றரை வயது. முதல்முறையாக ஒரு பள்ளி, வா என்று சொல்லியிருந்தது.

சிக்கல் பேருந்தில் இருந்தது. எங்கள் வீடு விழுப்புரம் பக்கம், காணைக்கும் அப்பால், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிறிய ஊரில். காலையில் எங்கள் ஊருக்கு வரும் முதல் பேருந்தைப் பிடித்து விழுப்புரம் போய், அங்கிருந்து திண்டிவனம் வண்டி ஏறினால், பள்ளியில் முதல் பாடமே முடிந்திருக்கும். விழுப்புரம் வரை ஸ்கூட்டரில் போனால் நேரத்துக்குச் சேர்ந்துவிடலாம்.

ஸ்கூட்டர் வீட்டிலேயே இருந்தது. என் கணவர் எனக்காக வாங்கியதுதான். அவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை மாலை வருவார், திங்கள் விடியலில் கிளம்பிவிடுவார். மற்ற நாள்களில் ஸ்கூட்டர் ஒரு பழைய போர்வைக்குள் இருக்கும். எனக்கு அதை நேராக ஓட்டத் தெரியும். வாய்க்கால் வரை போவேன். அங்கே இறங்கி, வண்டியைத் தள்ளித் திருப்பி, மறுபடி ஏறி நேராக வீட்டுக்கு வருவேன். திரும்புகிற வேலையை எப்போதும் கீழே இறங்கித்தான் செய்திருக்கிறேன்.

அன்று மாலை சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். மாமனார் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"எப்டி போவ?"

"விழுப்புரம் வரைக்கும் வண்டியில போயி, ஸ்டாண்டுல போட்டுட்டு, அங்கேர்ந்து பஸ்சு மாமா."

"லைசென்ஸ் இருக்குதா?"

இல்லையென்று தலையாட்டினேன். அவர் இடது கையால் ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கொண்டாந்து காட்டு. சாவிய வாங்கிக்க. களத்துல ஓட்டிப் பழகறதுன்னா கேளு, குடுக்கறேன். ரோட்டுக்குன்னா லைசென்ஸு."

மாமியார் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னார்: "ஆமா, இவுரு மாட்டு வண்டி ஓட்டிக்கினு என்னப் பொண்ணு பாக்க வந்தாரு. எங்கப்பா லைசென்ஸ் கேட்டிருக்கணும். தப்பிச்சிருப்பேன்."

மாமனாருக்கு அதில் ஒரு பழைய காயம் இருந்தது. ஒருமுறை டிராக்டருக்குக் காகிதம் இல்லாமல் போய், கூட்டுரோட்டில் போலீஸ்காரர் அவரை ஓரமாக நிற்க வைத்துவிட்டார். அந்த ஒரு மணி நேரத்தில் சொந்தக்காரர்கள் நிறைந்த கல்யாணப் பேருந்து ஒன்று அந்த வழியாகப் போனது. எல்லோரும் சன்னல் வழியாகக் கையசைத்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த வண்டியும் காகிதம் இல்லாமல் நகர்ந்ததில்லை.

உண்மையைச் சொன்னால், சாவி அவர் பைக்குள் போனபோது எனக்குள் ஒரு சின்ன நிம்மதியும் வந்தது. லைசென்ஸ் கிடைக்காவிட்டால் வேலைக்குப் போக வேண்டாம். மகளை விட்டுப் பிரிய வேண்டாம். முயற்சி செய்யவில்லை என்று யாரும் என்னைச் சொல்லவும் முடியாது. அந்த நினைப்பு வந்ததற்காக அன்று இரவு முழுவதும் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

திண்டிவனத்தில் இருக்கும் என் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "புள்ள ஏங்கிப் போயிடும்டி" என்றாள். அடுத்த மூச்சில், "நான் வேண்டிக்கினுதான் இருக்கேன்" என்றாள். எதற்காக வேண்டிக்கொள்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

லைசென்ஸ் வாங்க எட்டு போட வேண்டும். ஆர்.டி.ஓ. மைதானத்தில் சிமெண்ட் தரையில் மஞ்சள் பெயிண்டால் பெரிதாக ஓர் எட்டு வரைந்திருக்கும். ஓரங்களில் சிவப்புக் கூம்புகளை வைத்திருப்பார்கள். காலைத் தரையில் ஊன்றாமல், கூம்பில் இடிக்காமல், அந்தக் கோட்டின் மேலேயே சுற்றி வர வேண்டும். முதல்முறை போனபோது பாதி எட்டு கூட ஆகவில்லை. முதல் வளைவிலேயே என் இடது கால் தானாகத் தரையைத் தேடிப் போய்விட்டது. பரிசோதிக்கிறவரை எங்கள் பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். அவர் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "அடுத்த தபா" என்றார். தன் வண்டியைக் கொடுத்துக் கூட்டிப்போயிருந்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஆறுதலாக, "வீட்டாண்ட எட்டு வரைஞ்சி வச்சிக்கினு தினம் ஓட்டுங்க மேடம், வந்துடும்" என்றார்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன்.

"ரெண்டு வட்டம் ஒட்டிக்கினு இருக்கணும். அவ்ளோதான?"

"ஆமா அத்தை."

"அத நான் கண்ண மூடிக்கினு போடுவேன்."

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தானியம் காயவைக்கும் சிமெண்ட் களம் இருக்கிறது. மறுநாள் காலையில் மாமியார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கோலமாவுக் கிண்ணத்தோடு அங்கே இறங்கினார். என் கையில் கயிற்றின் ஒரு முனையைக் கொடுத்து ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் உட்கார வைத்தார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, பின்னோக்கி நடந்தபடியே மாவை விட்டுக்கொண்டு போனார். அவ்வளவு பெரிய கோலத்தை அவரும் அதுவரை போட்டதில்லை. கோடு எங்கேயும் தடிக்கவும் இல்லை, மெலியவும் இல்லை. முடித்து நிமிர்ந்தவருக்கு எட்டு வெறுமனே கிடப்பது பிடிக்கவில்லை. இரண்டு வட்டத்துக்குள்ளும் ஒவ்வொரு தாமரை போட்டார்.

"இன்ஸ்பெட்டரு வந்து பாக்கட்டும். அங்க போட்டு வச்சிருக்கறது இந்த லட்சணத்துல இருக்குதான்னு."

நான் தினமும் ஓட்டினேன். மகள் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டுவாள். நான்காம் நாள் கால் ஊன்றுவது நின்றது. ஒரு வாரத்தில் வண்டி வளைவில் என்னோடு சேர்ந்து சாய ஆரம்பித்தது. எனக்கே நம்ப முடியவில்லை. மாமியார் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டிவந்து காட்டினார். "பம்பரம் கணக்கா சுத்துது பாரு எங்க பொண்ணு."

பத்து நாள் பழகிய பிறகு இரண்டாம் முறை மைதானத்துக்குப் போனேன். அன்று என் கால் தரையைத் தொடவே இல்லை. ஆனால் இரண்டாவது வளைவில் ஒரு கூம்பைத் தட்டினேன். அதை விட்டு விலகப் போய் இன்னொன்றைத் தட்டினேன். அது உருண்டுபோய் இன்ஸ்பெக்டரின் காலருகே நின்றது.

"ஏம்மா, கோட்டு மேல போவ வேண்டியதுதான? கோட்டுக்கு வெளியில உனக்கு என்னா வேல?"

"கோட்டு மேலதான் சார் போனேன்."

"நீ போனது கோட்டாண்ட. கோட்டு மேல இல்ல."

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் சொன்னது புரியவில்லை. வீட்டில் மாமனார் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். மாமியார், "அந்தாளுக்கு ஆரு மேலயோ கோவம், இவ மேல காட்டிட்டான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

மறுநாள் காலை வாசலில் நின்று மகளுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தேன். அவள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். வாசலில் மாமியார் போட்டிருந்த கோலத்தருகே வந்ததும், ஓடுகிற வேகத்திலேயே கால் விலகி, அதன் ஓரமாகவே வளைந்து வெளியே போனாள். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து, கோலத்தை மிதிக்காதே என்று நான்தான் அவளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். எனக்கு என் அம்மா சொல்லிப் பழக்கியது.

பால் டம்ளரை அப்படியே வைத்துவிட்டுக் களத்துக்குப் போனேன். எட்டு அங்கே இருந்தது. பத்து நாள் காலையும் மாலையும் ஓட்டியிருக்கிறேன். காற்றில் கொஞ்சம் மங்கியிருந்ததே தவிர, நடுவே இரண்டு வட்டமும் ஒட்டும் இடத்தைத் தாண்டி வேறெங்கும் அழியவில்லை. அதற்கு வெளியே ஒரு சாண் தள்ளி, டயர் தேய்ந்த தடம் இன்னொரு எட்டாக, சீராக, முழுதாக இருந்தது.

மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இரண்டு எட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "அடிப்பாவி. நான் போட்ட கோலத்த ஒரு புள்ளி கலைக்காம ஓட்டியிருக்குறியேடி. இத எவளாலயும் ஓட்ட முடியாதே. இதுக்கு அந்தாளு ரெண்டு லைசென்ஸு குடுத்திருக்கணும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏத்து. நான்தான சொல்றேன், ஏத்து" என்றார்.

ஏற்ற முடியவில்லை. கோட்டின் மேல்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு கிளம்புவேன். முன் சக்கரம் மாவைத் தொடும் நேரத்தில் கை தானாக விலகிவிடும். சாக்பீஸால் வரையலாம் என்று நான் சொன்னேன். மாமியாருக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. "என் கோட்டுல ஓட்டிக்கினு போயி ஜெயிச்சிக்கினு வா" என்றார்.

அந்த வாரத்தில்தான் மல்லாட்டை பிடுங்கினார்கள். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. செடி செடியாகப் பிடுங்கி, காய் ஆய்ந்து, மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. காயவைக்கக் களம் வேண்டும். மாமனார் களத்தின் ஓரத்தில் நின்று எட்டைப் பார்த்தார். அழித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் முறைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அதில் தவறினால் பள்ளி திறப்பதற்குள் இன்னொரு வாய்ப்பு இல்லை.

"மாமா, நீங்க காய வச்சிக்கோங்க. நான் வேற எடம் பாத்துக்கறேன்" என்றேன். சொன்ன உடனே, ஏன் சொன்னேன் என்று இருந்தது. வேறு இடம் எங்கே இருக்கிறது?

அவர் முதல் மூட்டையை அவிழ்த்தார். மேல் வட்டத்துக்குள் கொட்டி, தாமரையை மூடி, வட்டமாகவே பரப்பினார். இரண்டாவது மூட்டையைக் கீழ் வட்டத்துக்குள். மீதியை எட்டுக்கு வெளியே சுற்றிலும் கொட்டி, கையால் ஒதுக்கி ஒதுக்கி விட்டார். கடைசியில் களம் முழுக்க மல்லாட்டையாகவும், நடுவில் ஒரு முழ அகலத்துக்கு எட்டு வடிவத்தில் ஒரு சந்து மட்டுமாகவும் இருந்தது. அந்தச் சந்தின் நடுவே மாமியாரின் வெள்ளைக் கோடு.

"என் காயும் காயணும், அதோட வேலையும் ஆவணும்" என்றார் மாமியாரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "காய் மேல ஏத்துனா, செக்குக்குப் போற வேல மிச்சம்" என்று சாவியை நீட்டினார்.

நான் வண்டியில் உட்கார்ந்தேன். எதிரே கோலம். இரண்டு பக்கமும் சாப்பிடுகிற பொருள். எதை மிதித்தாலும் தப்பு. இன்ஜினை அணைத்துவிட்டு, "அத்தை, எது மேல ஏத்துனா பாவம் கம்மி?" என்று கேட்டேன். கேலியாகக் கேட்கவில்லை.

மாமியார் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். "கோலத்த நாளைக்கி காலையில திரும்பப் போட்டுடலாம். மல்லாட்டைய திரும்பப் போட்டா நாலு மாசம் ஆவும்."

நான் கோட்டின் மேல் ஏற்றினேன். முதல் சுற்றில் நான்கைந்து காய்கள் படபடவென்று நொறுங்கின. மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். மகள் ஓடி வந்து நொறுங்கியதைப் பொறுக்கித் தின்றுவிட்டு, "அம்மா, இன்னும் கொஞ்சம் ஒடை" என்றாள். மூன்றாவது சுற்றில் சத்தம் நின்றது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். வெள்ளைக் கோடு இருந்த இடத்தில் ஒரு மங்கலான கறை மட்டும் இருந்தது. அந்த வாரம் முழுக்க மாமியார் தினமும் காலையில் எட்டு போட்டார். நான் தினமும் அதை அழித்தேன். காய்களைப் புரட்டிவிடும்போது, சந்து ஒரு விரல் அகலம் குறைந்தாலும் மாமனார் குனிந்து சரிசெய்வார். சனிக்கிழமை மாலை வந்த என் கணவர் களத்தைப் பார்த்துவிட்டு, "நான் எத்தினி வருசமா கேக்கறேன், எனக்குன்னு ஒருநாள் களத்த விட்டுக் குடுத்தாங்களா?" என்றார். அவரும் ஓட்டிப் பார்த்தார். முதல் வளைவிலேயே மல்லாட்டைக்குள் போய் நின்றார். அன்றுதான் மாமனார் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன்.

மூன்றாம் முறை மைதானத்தில் எனக்கு முன்னால் பதினோரு பேர் இருந்தார்கள். என் முறை வந்தது. மஞ்சள் கோட்டைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மல்லாட்டை இருப்பதாக நினைத்துக்கொண்டேன். கிளம்பியது நினைவிருக்கிறது. நடுவில் கோடு கோட்டை வெட்டும் இடம் நினைவிருக்கிறது. மறுபடி கிளம்பிய இடத்துக்கே வந்திருந்தேன். கூம்புகள் எல்லாம் வைத்த இடத்திலேயே நின்றன.

"சரி. போலாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பாஸா சார்?"

"பாஸுதாம்மா."

"கோட்டு மேலதான் போனேனா சார்? நல்லாப் பாத்தீங்களா?"

அவர் முதல்முறையாகத் தாளிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "சந்தேகம்னா இன்னொரு தபா போடறியா?"

அவர் கேலியாகத்தான் கேட்டார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்போது, "போடறேன் சார்" என்று சொல்லி, இன்னொரு எட்டும் போட்டேன். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "இனிமே வராத தாயி" என்றார்.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது லைசென்ஸ் அட்டை தபாலில் வந்தது. மாமனார் அதை வாங்கி இரண்டு பக்கமும் படித்தார். புகைப்படத்தையும் என்னையும் ஒத்துப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் தராமல், மறுபடி அந்தப் பழைய ஆணியிலேயே மாட்டினார். "இனிமே அது அங்கயே இருக்கட்டும். ஒவ்வொரு வாட்டியும் என்னக் கேட்டுக்கினு நிக்காத."

அம்மாவுக்குச் சொன்னேன். "நான் வேண்டிக்கினதுதான்" என்றாள். அவள் குரல் சந்தோஷமாகத்தான் இருந்தது. "மத்தியானம் ஸ்கூல்லேர்ந்து வீட்டுக்கு வந்துடு. சூடா சாப்புட்டுப் போலாம்" என்றாள். நான் திண்டிவனத்துக்கு வேலைக்கு வருகிறேன் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

பள்ளி திறக்கும் நாள் காலையில் மகள் அழுவாள் என்று முந்தின நாளிலிருந்தே பயந்துகொண்டிருந்தேன். அவளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் மூன்று விதமாகத் தயார் செய்திருந்தேன். அவள் தூங்கும்போதே கிளம்பிவிடலாமா, அது ஏமாற்றுவது ஆகாதா என்று குழம்பினேன். கடைசியில் அவளே எழுந்துவிட்டாள். நான் வண்டியை வெளியே எடுத்தபோது அவள் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

வாசல் முழுக்கக் கோலம். அன்று விசேஷமாகப் பெரிதாகப் போட்டிருந்தார் மாமியார். தெருவுக்குப் போக வேறு வழி இல்லை. களத்தில் அத்தனை நாள் அழித்துப் பழகியும், இது வாசல் கோலம் என்பதால் என் கை பிரேக்கைப் பிடித்துவிட்டது. நேரம் போய்க்கொண்டிருந்தது.

"இன்னா நின்னுக்கினு இருக்க? ஜல்தி கெளம்பு. நல்லாப் பாரு" என்றார் மாமியார்.

அப்போதுதான் பார்த்தேன். கோலத்தின் நடுவே, வாசற்படியிலிருந்து தெரு வரைக்கும், ஒரு முழ அகலத்துக்கு மாவே விழவில்லை. இழைகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து, அந்த இடத்தில் வளைந்து திரும்பிப் போயிருந்தன. வழி விடுவதற்காகவே பிறந்த கோலம் போல இருந்தது.

மகள் அதற்குள் அந்தச் சந்தில் இறங்கிவிட்டாள். ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை வைத்து, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, கோட்டைத் தொடாமல் தெரு வரை நடந்து போனாள். அங்கே நின்று திரும்பி, "அம்மா, இப்ப நீ வா" என்றாள்.

நான் போனேன். அவளைத் தாண்டும்போது அவள் ஒதுங்கி நின்று கைதட்டினாள், அழவில்லை. தெருக்கோடியில் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். அவள் மறுபடி வாசற்படிக்கு ஓடி, அந்தச் சந்தில் இரண்டாம் முறை நடக்கத் தொடங்கியிருந்தாள். கோலத்தில் எங்காவது என் சக்கரம் பட்டிருக்குமா என்றும் பார்த்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. மாமியார் கையைத் தூக்கி, போ போ என்று ஆட்டினார்.

அன்று முதல் மணி அடிப்பதற்கு முன்னால் நான் பள்ளி வாசலில் இருந்தேன். கேட்டைக்கூட இன்னும் திறந்திருக்கவில்லை. வாட்ச்மேன், "யாரு மேடம் நீங்க?" என்று கேட்டார்.

"சயின்ஸ் டீச்சர்" என்றேன்.